மஞ்சள் சீட்டு பற்றி, மயிலாடுதுறை நண்பனுக்கு

தென்காசி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. மாவட்டம் தனியான பிறகு உங்களுக்கு வரப்போவது முதல் ஊரக உள்ளாட்சித் தேர்தல், எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். 2019 டிசம்பரில் இந்தத் தேர்தல் நடந்தபோது நீங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்து வாக்காளர்கள். மயிலாடுதுறை செயல்படத் தொடங்கியதே 2020 டிசம்பர் 28-ல்தான். எங்கள் கதை வேறு. தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில். வார்டு பிரிக்காமல் புதிய மாவட்டங்களில் தேர்தல் கூடாது என்று அந்த டிசம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிந்தவையும் தாய் மாவட்டங்களுமாக ஒன்பது மாவட்டங்கள் காத்திருந்து, 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஓட்டுப் போட்டன.

ஓட்டுப் போடும் நாளைவிட வார்டு பிரிக்கும் நாள்தான் முக்கியம் என்பேன். மாவட்ட ஊராட்சிக்கு, அதாவது மாவட்டத்தின் ஊரகப் பகுதிக்கான மன்றத்துக்கு, ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒரு வார்டு. அந்தக் கணக்கில் தென்காசிக்கு 14, நெல்லைக்கு 12, விழுப்புரத்துக்கு 28. ஒன்பது மாவட்டத்துக்கும் சேர்த்து 140. எங்கள் தேர்தலுக்கு அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கு. நகராட்சி, பேரூராட்சி மக்களுக்கு இந்த ஓட்டு கிடையாது என்பதால் அவர்களைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மயிலாடுதுறை, குத்தாலம், செம்பனார்கோயில், சீர்காழி, கொள்ளிடம் ஆகிய ஐந்து யூனியன்களின் (ஊராட்சி ஒன்றியங்களின்) ஊராட்சிகளையும் மக்கள்தொகையோடு இப்போதே எழுதி வைத்துக்கொள். வார்டு வரைவு வெளியானதும் எந்த ஊராட்சி எந்த வார்டில் விழுந்திருக்கிறது, நடுவில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா, ஒரு வார்டு மட்டும் வீங்கியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார். ஆட்சேபணைக்குக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான். எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கு. "எங்கள் ஊரைப் பிரித்துவிட்டார்கள்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ஊராட்சிப் பெயரும் மக்கள்தொகை எண்ணும் மனுவில் இருக்க வேண்டும். இறுதியாகிவிட்டால் அரசியல் சட்டத்தின் 243-ஓ குறுக்கே நிற்கும். நீதிமன்றத்தில் வார்டு எல்லையைக் கேள்வி கேட்க முடியாது.

அடுத்தது வாக்காளர் பட்டியல். சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாக உடைத்து அச்சிடுகிறார்கள். உடைக்கும்போது ஒரே தெருவின் இரு பக்கமும் வேறு வேறு வார்டுக்குப் போவதுண்டு, ஒரே வீட்டுப் பெயர்கள் சிதறுவதும் உண்டு. சட்டமன்றப் பட்டியலிலேயே பெயர் இல்லாதவர்களுக்கு இப்போதே பெயர் சேர்க்கும் படிவம் 6 எழுதிக் கொடு. போட்டியிட நினைப்பவர்களிடமும் ஒன்று சொல்லிவை: பெயர் நாகை மாவட்டப் பக்கம் நின்றுவிட்டால் உங்கள் மாவட்டத்தில் வேட்புமனு செல்லாது.

எங்கள் தேர்தலில் மாவட்டக் கவுன்சிலருக்கு டெபாசிட் 1,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 500. செலவு வரம்பு 1,70,000. அறிவிப்பு வரும்போது இவற்றை மறுபடி சரிபார்த்துக்கொள்.

வாக்குச்சாவடியில் ஒருவர் கையில் நான்கு சீட்டு. ஊராட்சி வார்டுக்கு வெள்ளை (ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் ஒன்றுக்கு நீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, யூனியனுக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. ஆட்டோ, பூட்டுச் சாவி என்று தேடிக் குத்திவிட்டுப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் வரும்போது கட்சிச் சின்னங்கள் நிற்கும். வயதானவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இரண்டு சின்னத்தில் குத்தினாலும், யாருக்கு என்று தெரியாதபடி நடுக்கோட்டில் குத்தினாலும் செல்லாது. மடிக்கும்போது மை எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொள்வது வேறு. அதற்காகத் தள்ளக் கூடாது, ஏஜென்டுகள் இதை வற்புறுத்த வேண்டும். தலைவர் வேட்பாளரை ஊரே அறியும். பல ஊராட்சிகளுக்கு ஒருவராக நிற்கும் மாவட்ட வேட்பாளரின் முகம்கூடப் பலருக்குத் தெரியாது. அதனால் மஞ்சளை வெறுமனே மடித்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். மாவட்டத்துக்கு முதன்முதலாக ஒரு மன்றத்தை உண்டாக்கும் ஓட்டு அது.

நான்கு நிறமும் ஒரே பெட்டிக்குள் கிடப்பதால் முதலில் நிறம் பிரித்து, கட்டுக் கட்டி, அதன் பிறகே எண்ணுவார்கள். 2021 அக்டோபர் 12 காலையில் தொடங்கிய வேலை மறுநாள்வரை இழுத்தது. ஒரு மாவட்ட வார்டு இரண்டு யூனியனில் பரவியிருந்தால் இரு எண்ணும் மையத்துக் கணக்கும் சேர வேண்டும். ஏஜென்டுகள் தலைவர் முடிவு தெரிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள், மஞ்சள் மேசை ஆளில்லாமல் கிடக்கிறது. அதற்கென்றே ஆட்களைத் தனியாக நிறுத்தச் சொல்.

மாவட்ட ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. உறுப்பினர்கள் கூடி மறைமுகத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்களுக்கு அக்டோபர் 22-ல் நடந்தது. 14 போல இரட்டைப்படை எண் என்றால் சமநிலை வரலாம், வந்தால் குலுக்கல். தலைவர் பதவி யாருக்கு ஒதுக்கீடு என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள். பெண்களுக்கு என்று வந்துவிட்டால், ஜெயிக்கக்கூடிய பெண் வேட்பாளர்களைப் பொது வார்டுகளிலும் நிறுத்த வேண்டியிருக்கும்.

வார்டு வரைவுப் பட்டியல் வந்ததும் கொள்ளிடம் பக்கத்துத் தாள்களை எனக்கும் அனுப்பு. கூட்டிப் பார்த்து, ஆட்சேபணைக்கு இடமிருந்தால் அன்றே எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்