கொதித்தால் போய்விடாது, ஆசிரியரே

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் சிவப்பு ஒயின் ஊற்றிச் செய்யும் சிக்கன், பீர் கலந்த மாவில் பொரிக்கும் மீன் என்று இரண்டு குறிப்புகள் போட்டிருந்தீர்கள். குறிப்புகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கீழே சின்ன எழுத்தில் 'கொதித்ததும் ஆல்கஹால் ஆவியாகிவிடும், எல்லோரும் சாப்பிடலாம்' என்று ஒரு வரி இருந்ததே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், தண்ணீருக்கு 100 வேண்டும், ஆகவே ஆல்கஹால் முதலில் ஓடிவிடும் என்பது பலருடைய கணக்கு. குழம்பில் தண்ணீரோடு கலந்து கிடக்கும்போது அது அப்படித் தனியாகப் பிரிந்து போகாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, 15 நிமிடம் கொதித்த பிறகும் ஊற்றியதில் 40 சதவீதம் மிச்சம் இருக்கிறது. அரை மணி நேரத்தில் 35, ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரம் அடுப்பில் கிடந்தால்தான் 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. பிராய்லர் சிக்கனை யார் இரண்டரை மணி நேரம் வேக வைக்கிறார்கள், சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், குடியை விட்டவர்கள் சிலருக்கு டாக்டர்கள் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிடுகிறவர் உடம்பில் கொஞ்சம் ஆல்கஹால் போனாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சாப்பாட்டில் கலந்து போனாலும் வரலாம். அந்த மனிதர் உங்கள் வரியை நம்பி ஒரு தட்டு சாப்பிட்டால் என்ன ஆவது? குழந்தைகள், கர்ப்பிணிகள், மார்க்கத்துக்காகவோ மனசுக்காகவோ தொடாதவர்கள் என்று மதுரையில் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

அந்த ருசி வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஆல்கஹால் நீக்கிய பீரும் ஒயினும். வழக்கம்போல நொதிக்க வைத்துவிட்டு, அழுத்தத்தைக் குறைத்து மிதமான சூட்டிலேயே ஆல்கஹாலை மட்டும் பிரித்தெடுப்பது ஒரு முறை, மெல்லிய சவ்வு வழியாக வடிகட்டுவது இன்னொரு முறை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். அதனால்தான் பட்வைசர் 0.0, ஹைனெக்கன் 0.0 போன்றவை சூப்பர் மார்க்கெட் பிரிட்ஜில், ஜூஸ் பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 0.0 என்பது வேறு, 0.5 வரை இருக்கலாம் என்பது வேறு. மாத்திரை சாப்பிடுகிறவர் எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இப்போதுதான் குடியை விட்டவருக்கு அந்த வாசனையே பழைய நினைப்பைக் கிளப்பலாம், அவர் வேண்டாம் என்றால் வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே சரி.

சமையலுக்கு வருகிறேன். பீர் மாவுக்கு 0.0 பீர் நன்றாகவே வேலை செய்யும். வஞ்சிரமோ நெத்திலியோ, மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில் அன்றைக்கு எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளுங்கள். மைதாவோடு மூன்றில் ஒரு பங்கு அரிசி மாவு சேருங்கள், ஏனென்றால் எண்ணெயில் ஆல்கஹால் சட்டென்று ஆவியாவதால் வருகிற மொறுமொறுப்பு இதில் குறையும், அரிசி மாவு அதை ஈடுகட்டும். உப்பு, மிளகாய்த்தூள் போட்டு, பீரை ஜில்லென்று பிரிட்ஜில் இருந்து எடுத்து எண்ணெய் காய்ந்த பிறகே ஊற்றி, கட்டி இருந்தாலும் பரவாயில்லை என்று நாலு கலக்கு கலக்கி உடனே பொரிக்க வேண்டும். நுரை அடங்கிப்போனால் அந்த மாவுக்கும் சாதாரண மாவுக்கும் வித்தியாசமே இருக்காது. கடலை மாவில் வெங்காய பஜ்ஜிக்கும் இதையே ஊற்றலாம், சாயங்கால மழைக்கு அவ்வளவு பொருத்தம்.

மட்டன் குழம்பில் ஊற்றினால் மட்டும் கவனம். பீரின் கசப்பு ஹாப்ஸ் பூவில் இருந்து வருவது, அது கொதிக்கக் கொதிக்கக் குறையாது, தண்ணீர் வற்ற வற்ற ஏறும். ஒரு கிலோ கறிக்கு அரை டம்ளர் போதும், நிறைய சின்ன வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, கடைசியில் ஒரு துண்டு கருப்பட்டி. கோதுமை பீர் வகை கிடைத்தால் கசப்பு இன்னும் குறைவு. ஒயினில் கதை தலைகீழ், ஆல்கஹால் போனதும் வாயில் வெறுமையாக இருக்கும் என்று பல கம்பெனிகள் இனிப்பைக் கூட்டுகிறார்கள், அதனால் சிக்கனில் ஊற்றும்போது கொஞ்சம் வினிகரோ எலுமிச்சையோ சேர்க்காவிட்டால் பாயசம் மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, இது முக்கியம். பிளம் கேக்குக்கு உலர்ந்த பழங்களை ரம்மில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள், ஆல்கஹால்தான் அங்கே கெடாமல் காப்பது. ஆல்கஹால் இல்லாத ஒயினில் அப்படி வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு ராத்திரி பிரிட்ஜில் ஊறினால் போதும். பாட்டிலைத் திறந்த பிறகு ஒயினையும் பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

சும்மா குடிக்கவும் நன்றாக இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கிளறிவிடும் என்பதால், நம்ம ஊர் சுக்கா வறுவலுக்கும் மிளகுக் கறிக்கும் 0.0 பீர்தான் உண்மையான ஜோடி. வெயில் படுகிற இடத்தில் வைத்திருக்கும் பச்சைக் கண்ணாடி பாட்டிலை மட்டும் வாங்காதீர்கள், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு ஒரு துர்நாற்றம் வரும். கேன் பாதுகாப்பு.

அப்புறம் ஒயின் விலை நமக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால், கம்பத்துப் பன்னீர் திராட்சை இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், வருஷத்தின் பெரும்பகுதி மதுரைக்கு வந்துகொண்டே இருக்கிறது. நசுக்கி, தோலோடு பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டினால், உங்கள் சிக்கன் குறிப்புக்கு அதுவே போதும்.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஒயினும் பீரும் வருகிற ஒவ்வொரு குறிப்பின் கீழும் 'கொதித்தாலும் ஆல்கஹால் முழுவதும் போகாது, வேண்டாதவர்கள் 0.0 வகையோ திராட்சைச் சாறோ சேர்க்கலாம்' என்று இரண்டு வரி போதும். கிறிஸ்துமஸ் கேக் குறிப்பு அச்சுக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அனுப்பானடி, மதுரை