டயர் பெரிதானால் மீட்டர் குறைத்துச் சொல்லும்

திருவொற்றியூர்

அன்புள்ள தனபாலுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. காருக்குப் பெரிய டயர் போடலாமா என்று கேட்டிருந்தாய். நான் அதைப் போட்டு, விழி பிதுங்கி, இப்போதுதான் ஒரு கணக்குக்கு வந்திருக்கிறேன்.

பழைய டயர்கள் வழவழவென்று தேய்ந்துவிட்டன. மாற்றப் போன இடத்தில் கடைக்காரர், "மணலி சாலைக் குழிகளுக்கு 185 எல்லாம் தாங்காது, 205 போடுங்கள், வண்டியும் உயரும்" என்றார். தலையாட்டிவிட்டேன். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்து வரும் 65, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 185/65, 15 அங்குல ரிம் (டயர் மாட்டும் இரும்பு வளையம்) என்றால் டயரின் விட்டம் 621.5 மில்லிமீட்டர். அதுவே 205/65 என்றால் 647.5. கூடியது 26 மில்லிமீட்டர்; வண்டி உயர்வது அதில் பாதி, வெறும் 13! ஐப்பசி மழையில் நம் தெருவில் நிற்கும் தண்ணீருக்கு 13 மில்லிமீட்டர் ஒரு பொருட்டா, நீயே சொல்.

லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 16-க்கு இறங்கியது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தேன்: 30 லிட்டர், மீட்டரில் 480. கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாணம். செங்குன்றம் தாண்டியதும் வீட்டுக்காரியிடம் கிலோமீட்டர் கற்களை எண்ணச் சொன்னேன். அவள் எண்ணியது 25 கிலோமீட்டர்; மீட்டர் காட்டியது 24. எண்ணியதில் பிழை என்று நான் சொல்ல, அன்று சாப்பாட்டுப் பந்தி வரை பேச்சு நின்றுபோனது. பிழை அவளுடையதல்ல. மீட்டர் சாலையை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. பெரிய டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டு சென்டிமீட்டர் அதிகமாக ஓடுகிறது. மீட்டருக்கு அந்தச் சேதி தெரியாது. ஆக, என் 480 உண்மையில் 500. லிட்டருக்கு 16.7 வருகிறது. குறைந்த இரண்டு கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு மீட்டரின் பொய். பழைய 18-ம் அரிச்சந்திரன் வாக்கு அல்ல: தேய்ந்த டயர் சிறுத்துவிடும், அப்போது மீட்டர் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். சின்ன டயர் போட்டு மைலேஜ் கூடிவிட்டது என்று மார்தட்டுகிறவர்களின் ரகசியமும் பெரும்பாலும் இதுதான்.

மீதி நட்டம் நிஜம். அகலமான டயர் கனமானது. அந்தக் கனமும் சக்கரத்தின் ஓரத்தில் இருப்பதால் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் இன்ஜின் கூடுதலாக முக்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று நகர்கிற நமக்கு அதுதான் பெரிய செலவு. கும்மிடிப்பூண்டிக்குச் சீராக ஓட்டியபோது இவ்வளவு குறையவில்லை. இன்னொன்று, ஸ்பீடோமீட்டர் முன்பு 60 காட்டிய இடத்தில் இப்போது காட்டுவது 58-க்கும் கீழே. அதை நம்பி மிதித்தால் அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

1946-ல் நம் ஊரில்தான் எம்.ஆர்.எஃப். பலூன் செய்ய ஆரம்பித்தது. பிறகு இங்கேயே டயரும் செய்தது. அந்த ஆலைச் சங்கைக் கேட்டு வளர்ந்த எனக்கு டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படிக்க அறுபது வயது ஆகியிருக்கிறது!

நீ கம்பெனி போட்ட அளவையே வாங்கு. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளபடி காற்றடி. காற்றுக் குறைந்த டயர் சத்தமில்லாமல் பெட்ரோலைக் குடிக்கும்.

மாசித் திருவிழாவுக்கு வருவாய்தானே? தியாகராஜர் தேர் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று உனக்கு! சென்ட்ரலுக்கு நானே வண்டியோடு வருகிறேன். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசிக் கரகரவென்று கேட்கும். பயந்துவிடாதே.

அன்புடன்,
செல்வம்