ஓபான்யாகு சம்பளக் காவல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இடைக்கால ஜப்பான் பற்றிய கட்டுரை, கியோட்டோவில் பேரரசர் மாளிகையைக் காத்த சாமுராய்களை 'மூன்றாண்டு சம்பளக் காவலர்கள்' என்கிறது. காமகுரா நகரிலிருந்து 'ஷோகுன்' என்ற படைத்தலைவரின் அரசு நடந்த காமகுரா ஆட்சிக்காலத்துக்கு இது பொருந்தாது. 'ஓபான்யாகு' எனப்பட்ட அந்த முறைக்காவலுக்குச் சம்பளமே கிடையாது. காமகுராவின் ஷோகுனைத் தலைவராக ஏற்ற 'கோகெனின்' வீரர்கள், தங்கள் நிலவுரிமைக்கு அவர் தந்த பாதுகாப்புக்கு ஈடாகச் செய்த ஊழியம் அது. ஆள், குதிரை, சாப்பாடு, வழிச்செலவு எல்லாம் அவரவர் பொறுப்பு.

காலமும் மூன்றாண்டு இல்லை. காமகுராவின் முதல் ஷோகுன் மினமோட்டோ யோரிடோமோ காலத்தில் ஆறு மாதமாகக் குறைந்தது. 1247-இல் ஷோகுன் பெயரில் ஆட்சி நடத்திய ஹோஜோ டோகியோரி, வீரர்களை 23 அணிகளாகப் பிரித்து, அணிக்கு மூன்று மாதம் என்றாக்கினார். கணக்குப் போட்டால் ஓர் அணிக்கு மறுமுறை வர ஐந்தே முக்கால் ஆண்டு. கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் கிழக்கு மாகாண வீரருக்குக் கியோட்டோ போகவே இரண்டு வாரம், திரும்ப இரண்டு வாரம்.

இந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழுந்தது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. குடியானவர்களிடம் கண்டபடி பணமும் ஆளும் பிடுங்குகிறார்கள் என்ற புகார் முற்றி, 1260-இல் காமகுரா அரசு ஒரு வரம்பு விதித்தது: ஒரு 'தான்' நிலத்துக்கு 300 செப்புக் காசு, அதோடு ஐந்து 'சோ' நிலத்துக்கு ஒரு பொதிக்குதிரை, இரண்டு கூலியாட்கள். பத்துத் தான் ஒரு சோ. ஆக ஐந்து சோவுக்கு 15,000 காசு. வரம்பு கட்டிய பிறகே இவ்வளவு!

குடும்பத்துக்குள்ளும் தகராறுதான். காவலுக்குப் பொறுப்பு 'சோர்யோ' என்ற குடும்பத் தலைவர். பங்கு நிலம் பெற்ற தம்பி தங்கைகளிடம் நில அளவுப்படி அவர் வசூலிக்க வேண்டும். பங்காளி கைவிரித்தால் தலைவரே கட்டிவிட்டு வழக்குக்குப் போவார்.

ஆளைத் திரட்டும் பொறுப்பு, காமகுரா நியமித்த மாகாணப் படை அதிகாரியான 'ஷுகோ'வுடையது. காமகுராவின் 1232-ஆம் ஆண்டு, 51 விதிகள் கொண்ட சட்டத்தில் மூன்றாவது விதியே இதைச் சொல்கிறது. தென்மேற்குத் தீவான கியூஷுவின் வீரர்களுக்கோ, மங்கோலியர் அச்சம் வந்தபின் கியோட்டோ காவல் போய்க் கடற்கரைக் காவல் வந்தது. 1275-இல் பருவத்துக்கு மூன்று மாதமாகப் பங்கிட்டார்கள். வசந்தம் சிகுசென், ஹிகோ மாகாணங்களுக்கு, குளிர்காலம் ஹ்யூகா, ஓசுமி, சட்சுமாவுக்கு.

இத்தனை சுமையையும் ஏன் சுமந்தார்கள்? காவல் முடிந்ததும் கையில் கிடைக்கும் ஒற்றைத்தாள் சான்றைப் பாருங்கள். இன்னார் காவலை முடித்தார் என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமிராது. மேற்கு மாகாணச் சிறு வீரர்கள் பலரிடம் ஷோகுன் தந்த நிலப்பத்திரம் கிடையாது. கோகெனின் பட்டியலில் இருக்கும் பெயரும் இந்தத் தாளும்தான் 'நான் கோகெனின்' என்பதற்கு அவர்களிடமிருந்த ஆதாரம். நிலத்தைப் பிறர் பறிக்க வந்தால் வழக்கில் நீட்டுவதும் இதைத்தான். அதனால்தான் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். 'சம்பளக் காவலர்' என்ற சொல் இந்த உறவையே மறைத்துவிடுகிறது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி