சாவி வாங்கும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலிக்காகத் தரைத்தளத்திலேயே வீடு பார்க்கிறாய் என்பதில் நிம்மதி.

மாதிரி வீட்டைப் பார்த்து மயங்கிவிட்டாய் போலிருக்கிறது. நானும் மயங்கியவன்தான். உள்ளறைகளுக்குக் கதவு மாட்டியிருக்க மாட்டார்கள், நடுப்பகலிலும் எல்லா விளக்கும் எரியும், எல்லாம் அறை பெரிதாகத் தெரியத்தான். அடுத்த தடவை டேப் எடுத்துப்போய் அந்தக் கட்டிலை அளந்து பார்.

என் கதைக்கு வருகிறேன். குடிவந்த மூன்றாம் மாதம் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்புளமாய்க் கிளம்பியது. அந்தப் பக்கம் குளியலறை. பில்டர் பிளம்பரைக் கைகாட்டினார், பிளம்பர் டைல்ஸ்காரரைக் கைகாட்டினார், டைல்ஸ்காரர் போனையே எடுக்கவில்லை. பில்டர் வீடு கட்டுவதில்லை, கட்ட வைக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. கொத்தனார், கம்பி கட்டுபவர், எலக்ட்ரீஷியன் எல்லாருக்கும் தனித்தனி ஒப்பந்தம். ஒருவர் செய்ததை அடுத்தவர் மூடிவிட்டுப் போகிறார். வம்பு அந்த மூடுகிற இடத்தில்தான்.

இது பழைய வழக்கம்தான். 1947-ல் நியூயார்க் பக்கத்தில் வீடு கட்டி விற்ற லெவிட் குடும்பம் வீட்டு வேலையை 20-க்கும் மேற்பட்ட படிகளாகப் பிரித்தது. கார் தொழிற்சாலையில் வண்டி நகரும். அங்கே வீடு நிற்க, ஆட்கள் நகர்ந்தார்கள். 1951-க்குள் 17,000-க்கும் அதிகமான வீடுகள். அதனால்தான் சாதாரணக் குடும்பங்களுக்கும் வீடு கைக்கு எட்டியது. வெள்ளையருக்கு மட்டுமே விற்றார்கள், அது வேறு கொடுமை.

சரி, உன் விஷயம். மூடுவதற்கு முன் போய் நில். உன் தலைக்கு மேலே மாடிக்காரர் குளியலறை வரும், மறந்துவிடாதே. டைல்ஸ் ஒட்டும் முன் அங்கே வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடச் சொல். மறுநாள் கீழே நின்று தளத்தை அண்ணாந்து பார். பூச்சுக்கு முன் சுவரில் ஓடும் குழாய்களையும் வயர்களையும் படம் எடுத்து வை; பிறகு ஆணி அடிக்கும்போது என்னை நினைத்துக்கொள்வாய். காங்கிரீட்டின் பலத்தை 28-ஆம் நாள் கணக்கில்தான் பார்ப்பார்கள், முதல் வாரம் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று கவனி. பணத்தை வேலை எழும் அளவுக்கே கொடு. கடைசித் தவணை கொஞ்சம் கனமாக இருக்கட்டும், அப்போதுதான் போனை எடுப்பார்கள்.

சாவி கொடுக்கும் நாளை முன்கூட்டியே சொல். நானும் வருகிறேன். டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும், பொள்ளென்று கேட்டால் அடியில் கலவை இல்லை. தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டம் என்னிடம் இருக்கிறது, நீ வாங்காதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்