நான்கரை லிட்டர் பீர்

லண்டன்,
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தோள்வலி தணிந்துவிட்டதாக நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதியாயிற்று. விடுமுறை நாட்களில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். மூன்று மாதங்களாக வீட்டிலேயே மது குறைந்த, மென்மையான பீர் தயாரிக்கிறேன். பதறாதே, இந்நாட்டில் சாராயம் காய்ச்சத்தான் உரிமம் வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பீர் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை, விற்கக்கூடாது, அவ்வளவே.

என் சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. ஆகவே ஒரு தடவைக்கு நான்கரை லிட்டர்தான், ஒரு கண்ணாடிக் குடுவை கொள்ளும் அளவு. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, 700 கிராம் உடைத்து, 75 டிகிரிச் சூட்டில் இருக்கும் இரண்டு லிட்டர் நீரில் கொட்டிக் கிளறினால், கலவை 68 டிகிரியில் வந்து நிற்கும். பிறகு பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி ஒரு மணி நேரம் விட்டுவிடுகிறேன். முளைவிட்ட தானியத்தில் ஊறியிருக்கும் நொதிகள் அந்த நேரத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. முளைகட்டிய கேழ்வரகில் காய்ச்சிய கஞ்சி நீர்த்துப்போவதும் இதே நொதிகளால்தான். சூடு 65 டிகிரிக்கு இறங்கினால், பிறகு சேர்க்கும் ஈஸ்ட் (சர்க்கரையை மதுவாக்கும் நுண்ணுயிர்) தின்றுவிடக்கூடிய சர்க்கரையே மிகுந்து, பீர் தண்ணீராய் இருக்கும்; 68 டிகிரியில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரையும் கொஞ்சம் தங்குவதால், மால்ட் குறைவாக இருந்தும் நாவில் கனம் நிற்கிறது. மென்மையான பீருக்கு இந்த மூன்று டிகிரிதான் உயிர் என்பது என் உறுதியான எண்ணம்.

சக்கையை வெந்நீரால் அலசி, வடிந்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிடும்போது, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் விளைந்த, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை எட்டு கிராம் தொடக்கத்திலும் ஐந்து கிராம் இறுதியிலும் போடுகிறேன். பிறகு தொட்டியில் பனிக்கட்டி நிரப்பி 20 டிகிரிக்கு ஆற்றி, குடுவையில் ஊற்றி, ஈஸ்ட் தூவி மூடினால், மறுநாள் காலையில் குடுவையின் கழுத்துவரை பழுப்பு நுரை ஏறியிருக்கும். மூடியில் பொருத்திய, வாயுவை மட்டும் வெளியே விடும் நீரடைப்புக் குழாயில் குமிழ்கள் விட்டுவிட்டு ஒலிப்பதை, மாவு பொங்குவதைப் பார்க்கும் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது முறை செய்தது காடியாகப் புளித்துவிட்டது. ரப்பர் குழாயின் வளைவில் ஒட்டியிருந்த பழைய கசடுதான் காரணம். கறுத்த, வீரியமான பீரில் சின்னக் குறைகள் வறுத்த மணத்தில் மறைந்துவிடலாம்; என் மென்மையான பீரில் அப்படி ஒளிய இடமே இல்லை என்பதால், இப்போது எல்லாவற்றையும் கிருமிநாசினியில் ஊறவைத்தே தொடுகிறேன். இம்முறை ஹைட்ரோமீட்டர், அதாவது திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி, 1.032இல் தொடங்கி 1.008இல் நின்றது, மது ஏறக்குறைய மூன்று விழுக்காடு. அரை லிட்டர் புட்டி ஒவ்வொன்றிலும் மூன்று கிராம் சர்க்கரை இட்டு அடைத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் எட்டுப் புட்டிகளை இரண்டு வாரம் காத்திருக்க வைத்திருக்கிறேன்.

அடுத்ததில் கொஞ்சம் கேழ்வரகு மால்ட் கலந்து பார்க்க ஆசை. உன் அம்மா கேழ்வரகை எத்தனை நாள் முளைகட்ட விடுவார்கள், பிறகு நிழலில் உலர்த்துவார்களா அல்லது வறுப்பார்களா என்று கேட்டு எழுது. நன்றாக வறுத்துவிட்டால் நொதி செத்துவிடும், எனவே இதை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்