பிரேக்கரைக் கையால் இயக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைபர் தாக்குதல் என்றாலே, "நம்மைப் போன்ற சின்ன நிறுவனத்தை யார் சீண்டப்போகிறார்கள்?" என்ற பேச்சு சிறிய மின் விநியோக நிறுவனங்களில் இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவின் லிட்டில்டன் என்ற சிற்றூரின் மின் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் 300 நாட்களுக்கும் மேல் தங்கியிருந்தது 2023-இல்தான் தெரியவந்தது. சின்ன இடத்தில் கண்காணிக்க ஆள் இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டு, சுமார் 2.25 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. பணியாளரின் கண்ணெதிரே திரையில் மவுஸ் தானாக நகர்ந்து, மின்பாதையைத் துண்டிக்கும் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. திருடிய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத தொலை இணைப்பு வழியாகத் தாக்கியவர்கள் நுழைந்திருந்தார்கள். துணைமின் நிலையத் தகவல் தொடர்புக் கருவிகளின் ஃபர்ம்வேரையும் (கருவிக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அழித்தார்கள். ஆனாலும் சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. ஊழியர்கள் வண்டியில் போய்க் கையால் சுவிட்ச் போட்டதே காரணம்.

அந்தத் திறமை இன்று எத்தனை இடங்களில் மிஞ்சியிருக்கிறது? சிறிய விநியோக நிறுவனத்தாருக்குச் சொல்கிறோம்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு துணைமின் நிலையத்தையாவது ஒரு ஷிஃப்ட் முழுக்க 'லோக்கல்' நிலையில் (தொலைக் கட்டுப்பாடு இல்லாமல், அங்கிருந்தே), காகித வரைபடத்தையும் வயர்லெஸ்ஸையும் மட்டும் வைத்து இயக்கிப் பாருங்கள். குறைகள் அப்போதுதான் வெளியே வரும்: வரைபடத்தில் புதிய ஃபீடர் (மின்பாதை) இருக்காது, பிரேக்கரின் ஸ்பிரிங்கை முறுக்கி ஏற்றும் கைப்பிடி காணாமல் போயிருக்கும், பேட்டரி பலவீனமாகி, பிரேக்கரைத் திறக்கும் டிரிப் காயில் வேலை செய்யாது. லோக்கல்–ரிமோட் சுவிட்சையும் சோதியுங்கள். சில பேனல்களில் அது ரிமோட் கட்டளைச் சுற்றை வயரிலேயே துண்டிப்பதில்லை. ரிலேக்குள் (பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) இருக்கும் லாஜிக்குக்கு ஒரு சமிக்ஞை தருவதோடு சரி. ரிலே செட்டிங்கை மாற்ற முடிந்தவருக்கு அந்த சுவிட்ச் தடையே இல்லை.

அடுத்து வாசல்களை எண்ணுங்கள். துணைமின் நிலையத்துக்குள் வரும் ஒவ்வொரு மோடம், சிம், ஃபைபர், கருவி விற்றவருக்குத் திறந்துவிட்ட இணைப்பு எல்லாவற்றையும் நேரில் போய், கேபிளைக் கையால் பின்தொடர்ந்து எழுதுங்கள். கருவிகள் தமக்குள் தகவலும் கட்டளையும் பரிமாறும் டிஎன்பி3, மோட்பஸ், ஐஇசி 104 போன்ற நெறிமுறைகளை அவற்றின் பழைய வடிவில்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். கட்டளை யாரிடமிருந்து வருகிறது என்று அவை கேட்பதில்லை. வலையமைப்பில் அவை பயன்படுத்தும் போர்ட் 20000, 502, 2404-ஐ எட்டிவிட்டவர் பிரேக்கருக்கே கட்டளையிடலாம். எனவே பொது இணைய முகவரியுள்ள மோடத்தை இன்றே நீக்குங்கள். விற்பனையாளர் இணைப்பு எப்போதும் அணைந்தே இருக்கட்டும். அவர் கேட்டால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைத்து உறுதிசெய்துவிட்டுத் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். ரிலேக்குச் செட்டிங் போடும் லேப்டாப்பில் மின்னஞ்சல் பார்க்கவே கூடாது.

பேக்கப்பில் பலர் ஏமாறுகிறார்கள். பேக்கப் சர்வரும் அலுவலக லாகினிலேயே இயங்கினால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ரிலே செட்டிங், ஆர்டியு (துணைமின் நிலையத்தைக் கட்டுப்பாட்டு அறையோடு இணைக்கும் கருவி) கட்டமைப்பு, ஸ்காடா (தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் மென்பொருள்) திரைகள், அந்தந்தப் பதிப்பின் ஃபர்ம்வேர், மென்பொருளின் லைசன்ஸ் சாவி இவ்வளவையும் வலையமைப்பில் இணைக்காத ஒரு டிஸ்க்கில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை அதிலிருந்து ஓர் உதிரிக் கணினியை உயிர்ப்பித்துப் பாருங்கள். பெரும்பாலும் லைசன்ஸில்தான் சிக்கும்.

இன்னொன்றுக்குக் காசே தேவையில்லை. சந்தேகம் வந்தால் வெளி இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை ஷிஃப்டில் இருப்பவருக்கு எழுத்தில் கொடுங்கள். எந்தக் கேபிளைப் பிடுங்குவது என்று சிவப்பு நாடா கட்டி வையுங்கள். இரவு 2 மணிக்கு அவர் மேலதிகாரியைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இப்படிக்கு,
மின் விநியோகப் பாதுகாப்புப் பொறியாளர்கள்