இன்றைய தலைப்பில் ஒரு கையொப்பம்

ஐயா,

பிட்காயினை உருவாக்கிய, சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயர் கொண்டவர் யார் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, எழுத்து நடை, மின்னஞ்சல், நண்பர்களின் சாட்சியம் என்று பலவற்றை அலசியது. நேரடியான சோதனையைப் போகிற போக்கில் தொட்டுவிட்டது. 2009 ஜனவரியில் கணினி நிரலாளர் ஹால் ஃபின்னிக்கு 10 பிட்காயின் அனுப்பப் பயன்பட்ட சாவி, அதாவது கையொப்பமிட உதவும் ரகசிய எண், சடோஷியுடையது. அதை வைத்திருப்பவர் புதிய வாசகம் ஒன்றில் டிஜிட்டல் கையொப்பம் இட்டால், கணினி உள்ள யாரும் நிமிடத்தில் சரிபார்க்கலாம். சாவியை வெளியே காட்ட வேண்டியதே இல்லை. தானே சடோஷி என்று சொல்லிக்கொண்ட கிரெய்க் ரைட் 2016 மே மாதம் வெளியிட்டதோ, சடோஷியின் 2009 பரிவர்த்தனையிலிருந்து எடுத்த பழைய கையொப்பம். அவர் சடோஷி அல்ல என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொல்ல 2024 மார்ச் ஆகிவிட்டது.

நான் 30 ஆண்டு வங்கிக் கவுண்டரில் இருந்தவன். ஒருமுறை பணம் எடுக்க வந்தவர், கணக்குதாரர் எப்போதோ போட்ட கையெழுத்தின் ஜெராக்ஸை நீட்டினார். மாதிரிக் கையெழுத்து அட்டையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. “சரி, இந்தச் சீட்டில் இப்போது ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்றேன். பேனாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். சாவி கைமாறியிருக்கலாம், உண்மைதான். ஆனால் அதுகூட இல்லாதவரின் பேச்சை முதல் பக்கத்தில் போடுவது நியாயமில்லை. இனி அப்படி ஒருவர் வந்தால், அன்றைய தங்கள் தலைப்புச் செய்தியைக் கொடுத்து அதில் கையொப்பமிடச் சொல்லுங்கள். சடோஷியும் பிட்காயின் பதிவேட்டின் முதல் பிளாக்கில் 2009 ஜனவரி 3 தேதியிட்ட லண்டன் டைம்ஸ் தலைப்பைத்தான் பதித்தார்.